நாலு

இன்று காலை முப்பத்தொரு சதுரப் பொதிகள்.
கிழித்துப் பார்க்க வேண்டியதில்லை.
இசைத்தட்டின் பாரம் கைக்குத் தெரியும்,
மூலை மடங்காமலிருக்க வைத்த தடித்த மட்டையும்.
அனுப்பியது சூரிச் கம்பனி.
உள்ளே அன்னினா.

பீல் நகரத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்,
தெருவுக்கு, பாலத்துக்கு, பேருந்துத் தரிப்புக்கு.
மஞ்சள் மூன்றுசக்கர வண்டியில் போகிறேன்.
ஒரு வாசலில் கிரூசெக், அடுத்த வாசலில் போஞ்சூர்,
இரண்டு வாசலிலும் அதே பாட்டுக்காரியை
நீட்டிவிட்டுத் திரும்புகிறேன்.

ஒன்பது வருசம் நாங்கள் நாலு பேர்.
'ஈரக் காலுறை'
லா ஷோ த ஃபோனில், முழங்கால் பனிக்குள்
வான் தள்ளிய இரவு வைத்துக்கொண்ட பெயர்.
ஓல்டனில் பதினொரு பேருக்கு முன்னால் வாசித்தோம்.
அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்,
ஒருத்தர் மண்டபத்தைப் பூட்டுகிறவர்.
அன்னினா கண்ணை மூடிக்கொண்டு பாடுவாள்.
டிரம்ஸுக்குப் பின்னால் இருக்கிற எனக்கு
அவளுடைய முதுகைத்தான் நன்றாகத் தெரியும்:
உச்சத்துக்குப் போகுமுன் இடது தோள் ஒரு விரலளவு ஏறும்.
அந்தத் தோளைப் பார்த்துத்தான் அடிப்பேன்.

பிரிந்ததற்குப் பெரிய கதையொன்றும் இல்லை.
பெட்ரோல் காசு. ரெட்டோவுக்குப் பிள்ளை பிறந்தது.
எனக்குத் தபாலில் நிரந்தர வேலை.
அவள் மட்டும் சொன்னாள்,
வீட்டிலிருந்து தனியாகக் கொஞ்சம் செய்து பார்க்கிறேன் என்று.

கொஞ்சம்.

இப்போது சுப்பர் மார்க்கெட்டில் லீக்ஸுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில்
அவள் குரல் கேட்கிறது.
பல் வைத்தியரிடம் வாய் திறந்து கிடக்கும்போது கேட்கிறது.
எங்கள் கச்சேரி ஒன்றுக்கும் வராத என் தம்பி
"இவளோடயா நீ வாசிச்சனி?" என்கிறான்.
எவ்வளவு சுத்தமாக வருகிறது
அவன் வாயில் இறந்தகாலம்.

ஆறாவது பாட்டு எங்களுடையது.
நான் அதைக் குதிரைபோல ஓடவிட்டிருந்தேன்.
அவள் கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தி
இறங்கி, நடந்து போகிறாள்.
ஒரு பியானோ. பின்னால் எங்கோ குளிர்சாதனப் பெட்டியின் ரீங்காரம்.
டிரம்ஸ் இல்லை.

மூன்று கிழமை அதில் பிழை தேடினேன்.
ஒலிப்பதிவு மட்டமென்று ரெட்டோவுக்கு எழுதி அழித்தேன்.
பிறகொரு மத்தியானம், வண்டி சார்ஜ் ஏறிக்கொண்டிருக்க,
ஆறிப்போன பாஸ்தாவை மடியில் வைத்துக்கொண்டு
ஒப்புக்கொண்டேன்:
நான் இல்லாமல் அது நன்றாயிருக்கிறது.
நன்றாயிருக்கிறது என்பதும் காணாது.
அந்தப் பாட்டுக்குள் ஒரு அழுகை இருந்திருக்கிறது.
ஒன்பது வருசமாக நான் அதை
ஓடு ஓடு என்று விரட்டியிருக்கிறேன்.

ஆனால் தொடங்குமுன், ஒலிவாங்கிக்கு மிகக் கிட்ட,
யாரையோ எழுப்பிவிடாமல் சொல்வதுபோல
அவள் எண்ணுகிறாள்:
ஒண்டு. ரெண்டு. மூண்டு.
நாலாவதுக்கு ஒரு மூச்சு மட்டும்.

அது என் எண்ணிக்கை.
குச்சிகளைத் தட்டி நான் எண்ணியது.
வாடகைக்கும் வரிக்கும் ஜேர்மனில் கணக்குப் பார்ப்பேன்,
மேடையில் அது வராது.
பேர்ண் பத்திரிகைக்காரர் எழுதியிருந்தார்,
பாடகி தானே உருவாக்கிய மொழியில் ஓதும் மந்திரமாம்.
ஐயா, மந்திரமில்லை, மானிப்பாய்க் கணக்கு என்று
ஒரு கடிதம் எழுதி உறையும் ஒட்டினேன்.
முத்திரை மட்டும் ஒட்டவில்லை.

திருடினாளா, கூப்பிட்டாளா?
முப்பது பொதி கொடுத்து முடியுமட்டும் அதையே யோசித்தேன்.

முப்பத்தோராவது வீட்டில் மணியடித்துவிட்டு நிற்கிறேன்.
மேல்மாடியில் யன்னல் திறந்திருக்கிறது.
அங்கே அவளை ஏற்கெனவே யாரோ வாங்கிவிட்டார்கள்.
ஒண்டு, என்கிறது யன்னல். ரெண்டு. மூண்டு.

தபால்பெட்டியின் தகர மூடியில் என் விரல்.
நாலு.

எப்போதும்போல
கொஞ்சம் முந்திவிட்டேன்.